மெலிவு இல்லை

பையை இப்படிக் கொடுங்க சார், நான் மேல வைக்கிறேன். பரவாயில்ல, கொடுங்க. நீங்க இடது கையால தூக்க ஆரம்பிச்சப்பவே பார்த்துட்டேன். கண்டக்டர்கிட்ட வலது கையாலதானே ரூபாய நீட்டினீங்க? அப்ப இடது கைப் பழக்கம் கிடையாது. வலது தோள்ல ஏதோ இருக்கு. எத்தனை மாசமா? மூணு மாசமா? சுகர் இருக்கா? நினைச்சேன். உட்காருங்க, உட்காருங்க. என் பேரு குணசீலன். பிசியோதெரபிஸ்ட். தேனிப் பக்கம் ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. எந்த ஊருன்னு கேட்காதீங்க, இன்னைக்கு அதைச் சொல்ற நிலைமையில நான் இல்ல.

தோளைத் தொட்டுப் பார்க்கலாமா? பஸ்ல என்ன சார் வெட்கம், எல்லாரும் தூங்கிக்கிட்டு வர்றாங்க. கையைத் தொங்க விடுங்க. இன்னும் தளர்த்துங்க. இந்தா, இது தோள் முனை எலும்பு. இதுக்கு முன்னாடி ஒரு விரல் தள்ளி... வலிக்குதா? இல்ல சார், அது வலி இல்ல, பிடிப்பு. நீங்க வலின்னு நினைக்கிறீங்க. வலி வேற, பிடிப்பு வேற. பதினெட்டு வருஷமா இந்த ரெண்டு கட்டைவிரலை வச்சுத்தான் சோறு திங்கிறேன், எனக்குத் தெரியாதா? இப்ப கையைப் பக்கவாட்டுல தூக்குங்க. அவ்வளவுதானா? சரி, நீங்க விட்டுருங்க, நான் தூக்குறேன். பார்த்தீங்களா, நான் தூக்கினாலும் அதே இடத்துல வந்து நின்னுக்கிடுது. இது இறுகிப்போன தோள். சுகர்காரங்களுக்கு வர்றதுதான். பயிற்சி பண்ணினா மெதுவா இளகிரும், பயப்படாதீங்க.

ஒண்ணு மட்டும் கவனிச்சு வச்சுக்கங்க. இறுகின தோள்னா நீங்க தூக்கினாலும் போகாது, அடுத்தவன் தூக்கினாலும் போகாது. இது தெரிஞ்சாத்தான் என் கதை உங்களுக்குப் புரியும். கேட்குறீங்கள்ல? ஆண்டிபட்டி வரைக்கும் போறீங்க, நேரம் இருக்கு.

நான் இன்னைக்கு மதுரைக்கு எதுக்கு வந்தேன்னு நினைக்கிறீங்க? விசாரணை சார். என் மேல. ஒரு பொம்பளையோட வலது கை வீணாப்போச்சு, அதுக்கு நான்தான் காரணம்னு மனு. அந்தம்மாவுக்கு வேலை போகப்போகுது, அதுக்கும் நான்தான் காரணமாம். நான் அந்தக் கையைத் திருகினேனா, ஒடிச்சேனா? ஒரு ஆஸ்பத்திரி ஃபாரத்துல எழுதினேன். எழுதினதுதான் குத்தம்.

அந்தம்மா பேரு ஒச்சம்மாள். நாப்பத்தேழு வயசு. ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறாங்க. இருநூத்துப் பதினஞ்சு பிள்ளைக. சோத்து அண்டாவை அடுப்புல இருந்து இறக்கணும், வடிக்கணும், சாம்பார்ச் சட்டியை நகர்த்தணும். போன ஆகஸ்ட்ல சமையல் கூடத்துல தண்ணி கிடந்திருக்கு, வழுக்கி வலது கையை ஊணி விழுந்துட்டாங்க. அதுல இருந்து கை தூக்க வரல. பஞ்சாயத்து யூனியன் ஆபீசுல போய், பாத்திரம் தூக்குற வேலை வேண்டாம், கொஞ்ச நாளைக்குக் காய் நறுக்குற வேலை போதும்னு கேட்டிருக்காங்க. அவங்க ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கேட்டாங்க. எங்க எலும்பு டாக்டர் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவார். அன்னைக்கு வெளியில அறுபது பேரு. எக்ஸ்ரேயைப் பார்த்தார், எலும்பு நல்லா இருக்கு. "குணா, அளந்து எழுதி அனுப்பு"ன்னு என்கிட்ட தள்ளிவிட்டார். நான் எழுதுறதைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடுவார். ஸ்கேன் வேணுமா வேண்டாமான்னுகூட நான் எழுதுறதை வச்சுத்தான். அவ்வளவு நம்பிக்கை சார் என் மேல.

அதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லணும், இல்லன்னா என்னைத் தப்பா நினைப்பீங்க. ஒரு டிரைவர் வந்தான். கையே தூக்க முடியல, நாப்பது டிகிரிக்கு மேல போகலன்னு அழுதான். நானும் உருகிப்போய் எழுதிக்கொடுத்தேன். மறுவாரம் எங்க டாக்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கார். அங்க இவன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆடிக்கிட்டு இருக்கான். டாக்டர் அதைச் செல்போன்ல பிடிச்சுட்டு வந்து நர்சுங்க, கம்பவுண்டர், எல்லார் முன்னாடியும் என்கிட்ட காட்டினார். "குணா, நீ அளந்த நாப்பது டிகிரியைப் பாரு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு. இனிமே ஒருத்தன்கிட்டயும் ஏமாற மாட்டேன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன். முடிவு பண்ணினது தப்பா?

அந்த நேரத்துலதான் ஒச்சம்மாள் வந்து நிக்கிறாங்க. தனியா வந்தாங்க. ஒரு துணை இல்ல. நான் ஸ்டூல்ல உட்காரச் சொன்னேன். கோனியோமீட்டரை எடுத்தேன். ரெண்டு ஸ்கேலை ஒரு ஆணியில கோத்த மாதிரி இருக்கும், ஒண்ணை உடம்புப் பக்கம் வச்சு, இன்னொண்ணைக் கையோட நகர்த்தி டிகிரியைப் படிக்கணும். "தூக்குங்கம்மா"ன்னேன். கை கொஞ்சம் விலகுச்சு. அப்புறம் கைக்குப் பதிலா தோள் எந்திரிக்குது சார். தோள் காதுவரைக்கும் போகுது, கை அங்கயே நிக்குது. முப்பத்தஞ்சு டிகிரி. எனக்கு எப்படி இருக்கும்? இதோ வந்துட்டான்யா அடுத்த டிரைவர்னு நினைச்சேன்.

சரி, நான் தூக்கிப் பார்ப்போம்னு தூக்கினேன். வழவழன்னு போகுது. தொண்ணூறு, நூத்திருபது, நூத்தி எழுபது. தடையே இல்ல. அந்தம்மா சொன்னாங்க, "நீங்க தூக்குனா போகுது சார். நா தூக்குனாத்தான் போக மாட்டேங்குது." இதைத்தான் சார் சொன்னாங்க. இதே வார்த்தை. நான் மனசுக்குள்ள சிரிச்சேன். மாட்டிக்கிட்டியான்னு சிரிச்சேன். தலைக்கு மேல பிடிச்சிருந்த கையை அப்படியே விட்டேன். பாதி வழி வரைக்கும் தாங்கிச்சு, அப்புறம் பொத்துன்னு மடியில விழுந்துச்சு. "ஆத்தாடி"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. கண்ணுல தண்ணி. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என்ன நடிப்புடா சாமின்னு.

இது ரெண்டாம் வருஷப் பாடம் சார். தோள்பட்டை எலும்புக்கு மேல ஒரு பள்ளம் இருக்கு, அதுல ஒரு சதை இருக்கு. சின்னச் சதைதான். ஆனா கையைத் தூக்கத் தொடங்கி வைக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. அது அறுந்துபோச்சுன்னா அடுத்தவன் தூக்கினா கை போகும், தானாத் தூக்கினா போகாது. தோள் காதுக்குப் போகும். விட்டா விழும். மூணும் அப்படியே என் கண்ணு முன்னாடி நடந்துச்சு. பரீட்சையில இதே கேள்வி வந்து நான் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கேன். என்ன பார்க்கிறீங்க? தெரியாம செஞ்சேன்னு சொன்னா நம்புவீங்க. தெரிஞ்சும் பார்க்கலன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

கண்ணால பார்த்து ஏமாந்திருந்தாலும் கையால பிடிச்சிருக்கலாம். அங்கதான் பிரச்சனையே. அந்தச் சதையைத் தடவிப் பார்க்கணும்னா முதுகுப் பக்கம் துணி இருக்கக் கூடாது. ரவிக்கையைத் தளர்த்தி, தோள்பட்டை எலும்போட விளிம்பைப் பிடிச்சு, மேல ஒரு விரல், கீழ ஒரு விரல் வச்சுப் பார்க்கணும். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடணும். அறுந்து ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆச்சுன்னா சதை வத்த ஆரம்பிச்சிருக்கும், விரலுக்குத் தெரியும். ஃபாரத்துல அதுக்கே ஒரு கட்டம் இருக்கு. "தசை மெலிவு: உண்டு, இல்லை"ன்னு. அந்தம்மா தனியா வந்திருக்காங்க. நான் ஆம்பளை. எப்படி சார் ரவிக்கையைத் தளர்த்துங்கன்னு சொல்ல முடியும்? நம்ம ஊர்ப் பக்கம் அது சரிப்படுமா? நாளைக்கு வெளியில போய் ஏதாவது சொன்னா என் மானம் என்ன ஆகுறது? சேலைக்கு மேலயே, முன்பக்கம், தோள் உருண்டையை மட்டும் லேசா அமுக்கினேன். அண்டா தூக்குன தோள், கல்லு மாதிரி இருந்துச்சு. "மெலிவு இல்லை"ன்னு டிக் போட்டேன்.

பொம்பளை ஆளைக் கூட நிறுத்தியிருக்கலாமேன்னுதானே கேட்குறீங்க? இதையேதான் இன்னைக்கு விசாரணை பண்ணின அதிகாரியம்மாவும் கேட்டாங்க. ஆளு இருக்கு சார். முத்துராக்குன்னு ஒரு ஆஸ்பத்திரிப் பணியாளர். ரூமுக்கு வெளியிலதான் உட்கார்ந்திருந்துச்சு. பொம்பளை நோயாளிகளைப் பார்க்கும்போது அது உள்ள வந்து நிக்கணும், அதுதான் முறை. ஆனா அதுக்கும் எனக்கும் அந்த நேரத்துல பேச்சுவார்த்தை இல்ல. நோயாளிங்க முன்னாடி என்னைப் பார்த்து, "சாரு தோளப் பாக்குறதவிட செல்போனப் பாக்குறதுதான் ஜாஸ்தி"ன்னு சொல்லிருச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுல இருந்து நான் கூப்பிடுறதில்ல. அதுவா வரணும், மன்னிப்புக் கேட்கணும். கேட்கல. நான் என்ன பண்ண? ஒரு பணியாளர்கிட்ட நான் இறங்கிப் போக முடியுமா? இது வேற விஷயம், இதை இதோட சேர்க்கக் கூடாது. அந்த அதிகாரியம்மா கடைசியில சேர்த்துட்டாங்க. "கதவுக்கு வெளியில இருந்த ஆளைக் கூப்பிட மாட்டீங்க, அதனால அந்தம்மா முதுகைப் பார்க்க மாட்டீங்க, ஆனா பார்த்த மாதிரி எழுதுவீங்க, அப்படித்தானே?"ன்னாங்க. அப்படி மூணையும் ஒண்ணாக் கோத்துச் சொன்னா யாருக்கும் அசிங்கமாத்தான் சார் தெரியும்.

தோளை ஆட்டாம வைங்க. சொல்லச் சொல்லக் கையை நீட்டுறீங்க பாருங்க.

சர்டிபிகேட் போயிருச்சு. "பணி செய்யத் தகுதி உண்டு. ஸ்கேன் தேவையில்லை." டாக்டர் கையெழுத்து. யூனியன் ஆபீசுல படிச்சுட்டு, நடிக்கிறியான்னு அந்தம்மாவைத் திட்டி அனுப்பிட்டாங்க. திரும்ப அண்டா. இடது கையால பாரத்தைத் தாங்கி, வலது கையைச் சும்மா ஒட்ட வச்சுக்கிட்டு நாலு மாசம் வேலை பார்த்திருக்காங்க சார். நாலு மாசம்! வீட்டுல தலை வாரிக்க முடியாம, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட முடியைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருப்பாங்களாம். ஜனவரியில ஒரு நாள் சாம்பார்ச் சட்டி ஒரு பக்கமாச் சாஞ்சு கால்ல கொட்டிருச்சு. பிள்ளைக வரிசையில வந்து நிக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி. பத்து நிமிஷம் கழிச்சு நடந்திருந்தா?

அந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயசீலி டீச்சர்தான் மதுரைக்குக் கூட்டிட்டு வந்து ஸ்கேன் எடுத்திருக்காங்க. சதை முழுசா அறுந்து உள்ள சுருங்கிப்போச்சு. மீதி இருக்கிறது சதையே இல்ல, கொழுப்பா மாறிருச்சு. அங்க இருக்கிற டாக்டர் எழுதியிருக்கார், காயம் பட்ட புதுசுல வந்திருந்தா தைச்சிருக்கலாம், இப்ப தைச்சா பிடிக்காதுன்னு. டீச்சர் அந்தக் காகிதத்தையும் என் காகிதத்தையும் சேர்த்துப் பின் போட்டு மனு அனுப்பிட்டாங்க. இதுல யூனியன் ஆபீசுல ஒரு கெடு வேற வச்சிருக்காங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குற அன்னைக்கு அண்டாவை ரெண்டு கையால இறக்கிக் காட்டணும், இல்லன்னா வேற ஆளு. இப்ப மே மாசம். புருஷன் இல்லாத பொம்பளை சார், அந்த வேலைதான் எல்லாம்.

உசிலம்பட்டி வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

நான் விசாரணைக்கு ஒரு திட்டத்தோடதான் சார் போனேன். ஒளிக்கல, உங்ககிட்ட சொல்றேன். முதுகைப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், அப்ப மெலிவு இல்ல, அதுக்கப்புறம்தான் வத்தியிருக்குன்னு சொல்லிரலாம்னு. யாரும் சாட்சி இல்லையே. அந்தம்மா மறுத்தா, அவங்க ஞாபகத்துக்கும் என் பதினெட்டு வருஷத்துக்கும் எதை நம்புவாங்க? அப்படித்தான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. "ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தீங்களா?"ன்னு அந்த அதிகாரியம்மா கேட்டாங்க. ஆமான்னேன். "கூட யாரு இருந்தது?" யாரும் இல்லன்னேன். சொன்ன பிறகுதான் புரிஞ்சது, எதுல போய்க் காலை விட்டேன்னு. இப்ப அது வேற வழக்கா ஆகிரும் சார். தனியா இருக்கிற பொம்பளையை ரூமுக்குள்ள வச்சு... வீட்டுல ஒரு பொண்டாட்டி, பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு.

அப்புறம் அந்தம்மாவைக் கூப்பிட்டாங்க. என்னை வெளியில போகச் சொல்லல, எதிர்லயே நிக்க வச்சாங்க. ஒச்சம்மாள் உள்ள வந்து முதல்ல எனக்குத்தான் கும்பிடு போட்டாங்க. ஒத்தக் கையால. அதிகாரியம்மா கேட்டாங்க, "இவர் உங்க துணியை விலக்கச் சொன்னாரா? முதுகைத் தொட்டாரா?"

அந்தம்மாவுக்கு முகம் மாறிப்போச்சு. என்னைப் பார்த்தாங்க, அவங்களைப் பார்த்தாங்க. யாரோ என் மேல அபாண்டம் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சிருக்காங்க சார். எனக்காகப் பதறிட்டாங்க. "ஐயய்யோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. சாரு தங்கமானவரு. மரியாதப்பட்டவரு. எம் முதுகுப் பக்கம் அவரு வரவே இல்ல. சேலையில கூட நல்லாக் கை படல. எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்"னாங்க.

டைப் அடிக்கிற பொண்ணுகூட நிறுத்திருச்சு. அதிகாரியம்மா என்னைப் பார்த்து, "எழுதிக்கலாமா மிஸ்டர் குணசீலன்?"னாங்க. எனக்கு ஆதரவா ஒருத்தர் பேசினது அந்தம்மா மட்டும்தான் சார். அந்தப் பேச்சை அப்படியே என் மேல குற்றச்சாட்டா எழுதிட்டாங்க. இது நியாயமா? நீங்களே சொல்லுங்க. மரியாதையா நடந்ததுக்கு இதுவா பலன்? மெமோ வரும், இன்கிரிமெண்ட் நிக்கும், எங்கயாவது தூக்கி அடிப்பாங்க. அது போகட்டும் சார். அதுகூடப் போகட்டும்.

வெளியில வராந்தாவுல வந்து நின்னேன். பின்னாடியே அந்தம்மா வந்தாங்க. டீச்சர் உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காங்க. "சார், நா ஏதும் தப்பாச் சொல்லிப்புட்டேனா? ஒங்க மொகமே சரியில்லையே"ன்னாங்க. இல்லம்மான்னேன். அப்ப அவங்களாவே திரும்பி நின்னுக்கிட்டாங்க. இடது கையால ரவிக்கையோட கழுத்துப் பக்கத்தை இழுத்து விட்டுக்கிட்டு, "அந்த எடத்தைத்தானே சார் எல்லாரும் பேசுறாங்க. நீங்க பாருங்க. நீங்க பாத்தா எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னாங்க. ஜனங்க போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கூச்சமும் இல்ல. நான்தான் சுத்திமுத்தி ஒரு தடவை பார்த்துக்கிட்டேன்.

வச்சேன் சார். எலும்போட விளிம்பைப் பிடிச்சு மேல கட்டைவிரலை வச்சேன். சதை இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணும் இல்ல. விரல் உள்ள போய் எலும்புல முட்டுது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. இடது பக்கம் வச்சுப் பார்த்தேன், கெட்டியா, உயிரோட இருக்கு. மறுபடி வலது பக்கம். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை நான் செப்டம்பர்ல கொடுத்திருக்கலாம்.

அந்தம்மா துணியைச் சரி பண்ணிக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாங்க. "பெரிய டாக்டருங்க அவங்களுக்குள்ள இங்கிலீசுல பேசிக்கிட்டாங்க சார். டீச்சரைக் கேட்டா அழுவுறாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க, நா நம்புறேன். எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சா ஜூனுக்குள்ள தூக்க வந்துருமா?"

நான் ரோட்டைப் பார்த்தேன். "பஸ் வந்துருச்சும்மா, ஓடுங்க, டீச்சர் பின்னாடி வருவாங்க, விட்டுரப் போறீங்க"ன்னேன்.

அந்தம்மா வலது கையை இடது கையால பிடிச்சுக்கிட்டு, வெந்த காலை இழுத்து இழுத்து ஓடினாங்க. பஸ் எதுவும் வரல சார். ஸ்டாப்புல போய் நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தாங்க, அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் தூணுக்குப் பின்னாடி மறைஞ்சு நின்னுக்கிட்டேன்.